பேக்கப் சர்வருக்குப் பேட்ச்: எப்போது, எந்த வரிசையில்?

இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றி நிறையக் கடிதங்கள். அதனால் பிரின்டர், மொபைல் கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, ஒன்றோடொன்று இணைந்து ஓடும் பேக்கப் சர்வர்களுக்குப் பேட்ச் (பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தம்) போட்டு எப்படி அப்கிரேட் செய்வது என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் கம்பெனியில் மூன்று பேக்கப் சர்வர்கள். தலைமை அலுவலகத்தில் ஒன்று, ஃபேக்டரியில் ஒன்று, வாடகைக்கு எடுத்த டேட்டா சென்டரில் ஒன்று. முதலாவது இரண்டாவதுக்கும், இரண்டாவது மூன்றாவதுக்கும் காப்பி அனுப்பும். மூன்றிலும் வீம் என்ற பேக்கப் சாஃப்ட்வேரின் 12-ம் பதிப்பில் ஒரு பழைய பில்டுதான் (உட்பதிப்புதான்) ஓடுகிறது. "இன்டர்நெட் பக்கமே திறந்திராத சர்வர், நல்லா ஓடிக்கிட்டிருக்கு, அதை ஏன் தொடணும்?" என்கிறார் மேனேஜர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா? — கோவை வாசகர்

பதில்: இல்லை. இன்டர்நெட் பக்கம் திறக்கவில்லை என்பது நல்ல விஷயம்தான், ஆனால் இப்போதெல்லாம் யாரும் நேராகப் பேக்கப் சர்வரின் கதவைத் தட்டி உள்ளே வருவதில்லை. யாரோ ஒருவருடைய விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் வரும் வழி) பாஸ்வேர்டு, அல்லது யாரோ ஒருவர் திறந்த மெயில் இணைப்பு, அது வழியாக ஏதோ ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டு, அப்புறம் உள்ளே சுற்றிப்பார்த்துத் தேடுகிற முதல் சில இடங்களில் பேக்கப் சர்வர் ஒன்று. டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்பதுதான் இந்த ரான்சம்வேர் கும்பல்களின் தொழில். பேக்கப் உயிரோடு இருந்தால் நீங்கள் பணம் கொடுக்க மாட்டீர்கள், அதனால் அதை முதலில் அழிக்க வேண்டும். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. பேக்கப் சர்வர் மற்ற எல்லா சர்வருக்குள்ளும் போய் டேட்டாவை எடுக்க வேண்டும் அல்லவா, அதற்காக விஎம்வேர் அட்மின் பாஸ்வேர்டு, விண்டோஸ் அட்மின் பாஸ்வேர்டு, நாஸ் (நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி) பாஸ்வேர்டு எல்லாம் அதனிடம் இருக்கும். மொத்தத் தெருவின் சாவிக்கொத்தும் ஒரே வாட்ச்மேன் இடுப்பில் தொங்குவது மாதிரி.

வீமில் 2023 மார்ச்சில் வெளியான பாதுகாப்பு ஓட்டை இதைத்தான் காட்டியது. சிவிஇ-2023-27532 என்று பெயர் (சிவிஇ என்பது ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பதிவு எண்). டிசிபி 9401 போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் வாசல் எண் மாதிரி) கேட்டுக்கொண்டிருக்கும் வீம் சர்வீஸிடம், யூசர் நேம் பாஸ்வேர்டு எதுவும் கொடுக்காமலே, கான்ஃபிகரேஷன் டேட்டாபேஸில் என்க்ரிப்ட் ஆகி இருக்கும் பாஸ்வேர்டுகளைக் கேட்டு வாங்கிவிடலாம். நெட்வொர்க்குக்குள் ஏதாவது ஒரு மூலையில் கால் வைத்திருந்தால் போதும். இதை ரான்சம்வேர் கும்பல்கள் பயன்படுத்தின. சைபர் உலகம் அதை மறப்பதற்குள் 2024 செப்டம்பரில் இன்னொன்று, சிவிஇ-2024-40711. இது பாஸ்வேர்டைத் திருடுவதோடு நிற்காது, லாகின் இல்லாமலே சர்வரில் கட்டளை ஓட்டலாம், பத்துக்கு 9.8 என்று மதிப்பிட்டார்கள். 12.1.2.172 பில்டு வரை எல்லாம் பாதிப்பு, 12.2-ல் சரிசெய்யப்பட்டது. பேட்ச் செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது, அக்டோபரிலேயே அகிரா, ஃபாக் கும்பல்கள் இதை வைத்துத் தாக்கியதை சோஃபோஸ் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் எழுதிவிட்டது. அந்த விவரத்தைப் படித்துப் பாருங்கள்: இரண்டாம் கட்ட சரிபார்ப்பு இல்லாத விபிஎன் வழியாக உள்ளே வந்து, 8000 போர்ட்டில் வீமின் ஒரு முகவரியைத் தட்டி, அதன் மவுன்ட் சர்வீஸ் என்ற பாகம் வழியாக "பாயிண்ட்" என்ற பெயரில் ஒரு லோக்கல் யூசரை உருவாக்கி, அதை அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவிலும் ரிமோட் டெஸ்க்டாப் குழுவிலும் சேர்த்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் வேலை. இன்றைக்கே உங்கள் மூன்று சர்வரிலும் லோக்கல் யூசர் பட்டியலைத் திறந்து பாருங்கள், நீங்கள் உருவாக்காத பெயர் எதுவும் இருந்தால் இந்தப் பத்தியை மூடிவிட்டு அந்த வேலையைக் கவனியுங்கள்.

உங்கள் மூன்று சர்வரும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்பதால் ஆபத்து மூன்றாகப் பிரியவில்லை, ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஒன்றைப் பிடித்தவனுக்கு, அது காப்பி அனுப்பும் அடுத்த சர்வரின் முகவரியும் பாஸ்வேர்டும் அங்கேயே இருக்கிறது. மேனேஜரிடம் பேட்ச் என்று ஆரம்பிக்காதீர்கள், இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: சரி, அப்கிரேட் செய்கிறோம். ஆனால் எதை முதலில்? அனுப்புகிற சர்வரையா, வாங்கிக்கொள்கிற சர்வரையா? மூன்றையும் ஒரே ராத்திரியில் முடித்துவிடலாமா? — அதே கோவை வாசகரும், இன்னும் சிலரும்

பதில்: பொதுவாக வாங்கிக்கொள்கிற பக்கம் முதலில், அனுப்புகிற பக்கம் அப்புறம். புதிய பதிப்பு பழையதன் பேச்சைப் புரிந்துகொள்ளும்படி எழுதுவார்கள், பழையதற்குப் புதிய பேச்சு புரியாது. வீமில் கிளவுட் கனெக்ட் வழியாக வெளி நிறுவனத்துக்குக் காப்பி அனுப்புகிறவர்கள் அந்த நிறுவனம் உங்கள் புதிய பதிப்புக்கோ அதற்கு மேலோ வந்துவிட்டதா என்று கேட்காமல் கை வைக்கவே கூடாது. பாகுலா என்ற பேக்கப் சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு விதி உண்டு: டைரக்டரும் (வேலையை நடத்தும் பாகம்) ஸ்டோரேஜ் டீமனும் (சேமிக்கும் பாகம்) ஒரே பதிப்பில் இருக்க வேண்டும், ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஓடும் ஃபைல் டீமன் பழையதாக இருக்கலாம், டைரக்டரைவிடப் புதியதாக இருக்கக் கூடாது. நிறையப் பேர் லினக்ஸ் கிளையன்ட்டுகளைத் தானியங்கி அப்டேட்டில் விட்டுவிட்டு டைரக்டரை மட்டும் தொடாமல் வைத்திருப்பார்கள், ஒரு நாள் காலையில் பாதி ஜாப் ஃபெயில் ஆகி நிற்கும்.

வீமுக்குள்ளேயும் ஒரு வரிசை இருக்கிறது. வீம் ஒன் வைத்துக் கண்காணிக்கிறீர்கள் என்றால் முதலில் அது, அடுத்து பல பேக்கப் சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் என்டர்பிரைஸ் மேனேஜர் இருந்தால் அது, அதற்குப் பிறகுதான் பேக்கப் சர்வர். கடைசியாகக் கன்சோலைத் திறந்ததும் ப்ராக்ஸி (டேட்டாவை எடுத்துக் கடத்துவது), ரெபாசிட்டரி (பேக்கப் ஃபைல்கள் சேரும் இடம்) போன்ற தொலைவில் இருக்கும் பாகங்களைப் புதுப்பிக்கவா என்று ஒரு விசார்டு வரும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அதை மூடிவிடாதீர்கள். பழைய பதிப்பில் நிற்கும் பாகத்தை நம்பியிருக்கும் ஜாப் அன்று இரவு ஓடாது. முக்கியமாக, ஒரே ரெபாசிட்டரி சர்வரை இரண்டு பேக்கப் சர்வர்களில் சேர்த்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒன்றை அப்கிரேட் செய்தால் அந்த ரெபாசிட்டரியில் உள்ள பாகமும் புதியதாகிவிடும், இன்னும் பழையதாக இருக்கும் மற்ற சர்வர் அதோடு வேலை செய்ய முடியாமல் திணறும். இப்படிப் பகிர்ந்திருந்தால் அந்த இரண்டு சர்வரையும் ஒரே பராமரிப்பு நேரத்தில் முடித்துவிடுங்கள். இந்தப் பகிர்வு எங்கேயும் எழுதி வைத்திருக்காது, முன்பு வேலை பார்த்தவர் அவசரத்துக்குச் சேர்த்திருப்பார். அதனால் எதையும் தொடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எந்த சர்வர் எந்த சர்வரைத் தொடுகிறது, எந்த அக்கவுன்டில் தொடுகிறது, எந்த போர்ட்டில் என்று கோடு போட்டு வரைந்துவிடுங்கள். இந்த வேலையிலேயே அலுப்பான பகுதி இதுதான், பயனுள்ள பகுதியும் இதுதான்.

இப்போது ஒரு சிக்கல். உங்கள் விஷயத்தில் வாங்கிக்கொள்கிற பக்கம் என்றால் டேட்டா சென்டரில் இருக்கும் மூன்றாவது சர்வர். அதுதான் உங்களுடைய கடைசிப் புகலிடமும். கடைசிப் புகலிடத்தில் முதலில் கை வைப்பதா? வைக்கலாம், ஆனால் அதற்கு முன் முக்கியமான சர்வர்களின் ஒரு முழு பேக்கப்பை இந்த மூன்றுக்கும் வெளியே, டேப்பிலோ கழற்றி வைக்கக்கூடிய டிஸ்க்கிலோ எடுத்து, கேபிளைப் பிடுங்கி அலமாரியில் வையுங்கள். அப்புறம் காப்பி ஜாப்களை நிறுத்திவிட்டு மூன்றாவதை அப்கிரேட் செய்யுங்கள், அதிலிருந்து ஒன்றை ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரீஸ்டோர் என்றால் பச்சை டிக் வந்ததா என்று பார்ப்பது இல்லை. ஒரு விர்ச்சுவல் மெஷினைத் தனி நெட்வொர்க்கில் எழுப்பி, அதில் லாகின் செய்து, அக்கவுன்ட்ஸ் ஆட்களைக் கூப்பிட்டு நேற்றைய வவுச்சர் இருக்கிறதா என்று டேலியில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அது திறந்தால் இரண்டாவது சர்வருக்கு வாருங்கள், அதற்கடுத்து முதலாவது.

ஒரே ராத்திரியில் மூன்றையும் முடிப்பது எனக்குப் பிடிக்காது. புதிய பதிப்பிலேயே ஏதாவது கோளாறு இருந்தால் மூன்றிலும் ஒன்றாக வந்து உட்காரும். அதற்காக ஒரு மாதம் இழுக்காதீர்கள், ஓட்டை ஊருக்கே தெரிந்தபின் ஒவ்வொரு வாரமும் உங்களுக்கு எதிராகத்தான் ஓடும். இடையில் உள்ள சில நாட்களுக்குப் பேக்கப் சர்வரை எந்தெந்த முகவரிகள் தொடலாம் என்று ஃபயர்வாலில் இறுக்கிவிடுங்கள், விபிஎன்னில் இரண்டாம் கட்ட சரிபார்ப்பு இல்லாத அக்கவுன்டுகளை மூடுங்கள். போர்ட்டையே மொத்தமாக அடைப்பது எல்லாருக்கும் ஒத்துவராது. 2023-ல் 9401-ஐ அடைக்கலாம் என்று வீமே ஒரு தற்காலிக வழி சொன்னது, ஆனால் அது எல்லாப் பாகமும் ஒரே பெட்டியில் இருப்பவர்களுக்கு மட்டும். உங்களைப் போலப் பாகங்கள் பிரிந்து கிடக்கும் இடத்தில் அது தீர்வு ஆகாது.

கேள்வி: எங்களுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் ஏதாவது ஒரு பேக்கப் ஜாப் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜாப் ஓடும்போதே சாஃப்ட்வேரை அப்டேட் செய்தால் என்ன ஆகும்? பெரிதாக ஒன்றும் ஆகாது என்று நண்பர் சொல்கிறார். — திருச்சி வாசகி

பதில்: உங்கள் நண்பருக்கு ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில், அவர்களுடைய சூப்பர் கம்ப்யூட்டர் சேமிப்பகத்தில் சுமார் 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடி ஃபைல்கள் அழிந்துபோயின. 14 ஆராய்ச்சிக் குழுக்களின் ஃபைல்கள், அதில் 4 குழுக்களுடையதைத் திரும்ப எடுக்கவே முடியவில்லை. ஹேக்கர் யாரும் வரவில்லை. அழித்தது பேக்கப் ஸ்கிரிப்ட்.

நடந்தது என்னவென்றால், பேக்கப் வேலையின் ஒரு பகுதியாகப் பத்து நாளுக்கு மேலான லாக் ஃபைல்களை அழிக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (லினக்ஸ் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) இருந்தது. கம்ப்யூட்டரை விற்ற நிறுவனம், வேரியபிள் (மதிப்பு ஒன்றுக்கு வைக்கும் பெயர்) பெயர்களைப் படிக்க வசதியாக மாற்றி எழுதி, அந்த ஸ்கிரிப்டை மேம்படுத்தியது. நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே ஃபைலின் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். பாஷ் ஒரு ஸ்கிரிப்டை முழுதாக மனப்பாடம் செய்துகொண்டு ஓட்டாது, போகப்போக ஃபைலிலிருந்து படித்துக்கொண்டே போகும். அதனால் பாதி வழியில் அதன் காலடியில் புதிய ஸ்கிரிப்ட் வந்துவிட்டது. புதிய ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கும் வேரியபிள்கள் அதற்குத் தெரியாது, ஏனென்றால் அந்த வரிகளை அது படிக்கவே இல்லை. எந்த டைரக்டரியில் போய் அழிக்க வேண்டும் என்று சொல்லும் இடம் காலி. காலியான இடத்தை வைத்துக்கொண்டு ஃபைண்ட் கட்டளை அழிக்கக் கிளம்பியபோது, லாக் டைரக்டரிக்குப் பதிலாக ஆராய்ச்சியாளர்களின் ஃபைல்கள் இருந்த பெரிய டைரக்டரி மாட்டிக்கொண்டது. டிசம்பர் 14 சாயங்காலம் ஆரம்பித்து 16 மதியம் வரை அழித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எனவே அப்டேட் செய்யும் முன் ஜாப்களை டிஸேபிள் செய்யுங்கள், ஏற்கனவே ஓடுவது முடியும்வரை காத்திருங்கள். மற்ற சர்வரிலிருந்து வந்து இந்த சர்வரைத் தொடும் ஜாப்களையும் சேர்த்துத்தான். இணைந்த சர்வர்களில் இதைத்தான் மறப்பார்கள்: இங்கே எல்லாம் நின்றுவிட்டது என்று பார்த்திருப்பார்கள், அடுத்த ஊர் சர்வர் அதன் அட்டவணைப்படி காப்பி எடுக்க வந்து நிற்கும். சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருப்பவர்கள் ஃபைலின் மேல் எழுதாமல், புதிய ஃபைலாக எழுதிப் பெயரை மாற்றி இடத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பாஷ் பழைய ஃபைலையே படித்து முடித்துவிடும். அப்படியே ஸ்கிரிப்டின் மேலே மதிப்பே கொடுக்கப்படாத வேரியபிள் வந்தால் நின்றுவிடு என்ற அமைப்பையும் போட்டுவிடுங்கள், ஒரு வரி வேலை.

கேள்வி: நாங்கள் சின்ன அலுவலகம், வீம் எல்லாம் இல்லை. இரண்டு லினக்ஸ் பெட்டிகள், ஒன்று மற்றதற்கு ராத்திரி ஆர்சிங்க் (ஃபைல்களைக் காப்பி அனுப்பும் கருவி) செய்யும், மற்றது இதற்கு. ஆர்சிங்க் 3.4-க்கு மாறச் சொல்கிறார்கள், ஆனால் எங்கள் டெபியன் லினக்ஸில் அப்டேட் செய்த பிறகும் 3.2.7 என்றே காட்டுகிறது. பேட்ச் விழுந்ததா இல்லையா? — மதுரை வாசகர்

பதில்: விழுந்திருக்கலாம். டெபியன், உபுண்டு போன்றவை புதிய பதிப்பையே கொண்டுவராமல், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் வெட்டி எடுத்துப் பழைய பதிப்பில் ஒட்டுவார்கள். அதனால் முன்னால் உள்ள எண்ணைப் பார்க்காதீர்கள், பேக்கேஜ் எண்ணின் வாலைப் பாருங்கள். டெபியன் 12-ல் 3.2.7-1 என்பதற்குப் பிறகு கூட்டல் குறி போட்டு டெப்12யு என்று ஒரு வால் வரும், அதை டெபியனின் பாதுகாப்பு அறிவிப்போடு ஒப்பிடுங்கள். ஸ்கேனர் வைத்து நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்கிறவர்கள் இந்த வாலைப் பார்க்காமல் "பழைய பதிப்பு, ஆபத்து" என்று சிவப்பில் போடுவது வழக்கம், பதறாதீர்கள்.

விஷயம் என்னவென்றால், 2025 ஜனவரி 14-ல் ஆர்சிங்கில் ஆறு ஓட்டைகள் ஒன்றாக அறிவிக்கப்பட்டன. பெரியது சிவிஇ-2024-12084. ஆர்சிங்க் டீமனாக (பின்னணியில் எப்போதும் ஓடும் சர்வீஸாக) 873 போர்ட்டில் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று ஒரு மாட்யூல் (பகிர்ந்து வைத்த டைரக்டரி) திறந்திருக்கிறது என்றால், அந்தப் படிக்கும் உரிமையை வைத்தே சர்வரில் கோட் ஓட்ட முடியும். நீங்கள் எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான லாகின் இணைப்பு வழியாக மட்டும் ஓட்டினால் இந்த வழி உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் மற்ற ஓட்டைகளில் சில தலைகீழானவை: கெட்டுப்போன சர்வர் தன்னிடம் வரும் கிளையன்ட்டின் ஃபைல்களைப் படிக்கலாம், கிளையன்ட் சொல்லாத இடத்தில் ஃபைல் எழுதலாம். உங்கள் இரண்டு பெட்டியும் ஒன்றுக்கொன்று சர்வராகவும் கிளையன்ட்டாகவும் இருக்கின்றன, அதனால் ஒன்றுக்கு மட்டும் பேட்ச் போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் வரக்கூடாது. இரண்டுக்கும் போடுங்கள்.

இன்னொரு கதை, பேட்ச் வந்த அன்றே போடுகிறவர்களுக்கு. 3.4.0 வந்த ஓரிரு நாளிலேயே 3.4.1 வந்துவிட்டது, 3.4.0-ல் புதிதாக முளைத்த கோளாறுகளைச் சரிசெய்ய. அதில் ஒன்று ஹார்ட்லிங்க்குகளை (ஒரே ஃபைலுக்கு வைக்கும் இன்னொரு பெயர்) காப்பாற்றும் பெரிய ஹெச் தேர்வில். தினசரி ஸ்னாப்ஷாட்டுகளை (அந்த நேரத்து நிலையின் பதிவுகளை) ஹார்ட்லிங்க் போட்டு இடத்தை மிச்சப்படுத்திச் சேமிக்கிறவர்கள், அந்தச் சேமிப்பை இன்னொரு டிஸ்க்குக்கு மாற்றும்போது பயன்படுத்துவது அதே தேர்வைத்தான். பேக்கப் ஆட்களையே தேடிப்பிடித்து அடித்த மாதிரி ஒரு கோளாறு. அதனால்தான் இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றில் போட்டு, ஒரு இரவு ஓடவிட்டு, மறுநாள் மற்றதில் போடுங்கள் என்கிறேன்.

முடிந்தால் அந்த இருவழிப் பாதையை ஒருவழி ஆக்குங்கள். காப்பியை வைத்திருக்கும் பெட்டி மூலப் பெட்டிக்குப் போய் இழுத்துக்கொண்டு வரட்டும், அதுவும் படிக்க மட்டும் உரிமை உள்ள யூசரில். மூலப் பெட்டியிடம் காப்பிப் பெட்டியின் எந்தச் சாவியும் இருக்கக் கூடாது. உங்கள் இரண்டு பெட்டிகளிலும் மூல டேட்டா இருக்கிறது என்றால், மலிவாக மூன்றாவது பெட்டி ஒன்று வாங்கி அதை மட்டும் இழுக்கும் பெட்டியாக வைப்பது நல்லது.

கேள்வி: அப்கிரேட் செய்வதற்கு முன் பேக்கப் சர்வரையே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தால் போதுமா? — சேலம் வாசகர்

பதில்: அது திரும்பிப் போக வசதி, பேக்கப் இல்லை. ஸ்னாப்ஷாட் அதே ஸ்டோரேஜில்தான் இருக்கிறது. வீமில் கான்ஃபிகரேஷன் பேக்கப்பைத் தனியாக எடுத்து வேறு இடத்தில் வையுங்கள், என்க்ரிப்ஷனை ஆன் செய்து எடுங்கள். என்க்ரிப்ஷன் இல்லாமல் எடுத்தால் சேமித்த பாஸ்வேர்டுகள் அதற்குள் வராது, திரும்ப ஏற்றும்போது எல்லா சர்வரின் பாஸ்வேர்டையும் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு உட்கார வேண்டும். என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதிப் பூட்டி வையுங்கள், அந்த சர்வரிலேயே ஒரு நோட்பேட் ஃபைலில் வேண்டாம். ஒரு அப்கிரேட் தோற்றுப்போய்ப் பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் இன்னொன்றைக் கவனியுங்கள்: சர்வர் நேற்றைய நிலைக்குப் போய்விடும், ரெபாசிட்டரியில் உள்ள பேக்கப் ஃபைல்கள் இன்றைய நிலையில் இருக்கும். ஜாப்களை ஓடவிடுவதற்கு முன் ரெபாசிட்டரியை ரீஸ்கேன் செய்யுங்கள்.

கேள்வி: எங்கள் பேக்கப் சர்வர் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் (அலுவலகத்தின் எல்லா லாகினையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்பு) சேர்ந்திருக்கிறது. ஆடிட்டர் வந்து வெளியே எடுக்கச் சொல்கிறார். பேட்ச் ஒழுங்காகப் போட்டால் போதாதா? — சென்னை வாசகி

பதில்: ஆடிட்டர் சொல்வது சரி. 2025-ன் முதல் பாதியில் மட்டும் வீம் இரண்டு தடவை பத்துக்கு 9.9 மதிப்புள்ள ஓட்டையை அடைக்க வேண்டியிருந்தது. மார்ச்சில் சிவிஇ-2025-23120, 12.3.1-ல் சரியானது. ஜூனில் சிவிஇ-2025-23121, 12.3.2-ல் சரியானது. இரண்டுமே டொமைனில் சேர்ந்த பேக்கப் சர்வர்களை மட்டும் பாதித்தவை, இரண்டுக்கும் அட்மின் தேவையில்லை, டொமைனில் லாகின் உள்ள யாரோ ஒருவர் போதும். ரிசப்ஷனில் உட்காருபவரின் பாஸ்வேர்டு பேக்கப் சர்வரைத் திறக்கும் என்றால் எப்படி இருக்கும்? டொமைனுக்கு வெளியே வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு தடவையும் நிதானமாக வேலை பார்த்தார்கள். வீமும் தன் வழிகாட்டுதலில் டொமைனில் சேர்க்காமல் ஒர்க்குரூப்பில் வை, இல்லையென்றால் நிர்வாகத்துக்கென்று தனி டொமைன் வை என்றுதான் சொல்கிறது.

ஆனால் டொமைனிலிருந்து எடுப்பதையும் அப்கிரேடையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். சர்வீஸ் அக்கவுன்ட், டேட்டாபேஸ் லாகின் எல்லாம் மாறும், எதனால் எது நின்றது என்று தெரியாமல் விடிய விடிய உட்கார வேண்டியிருக்கும். முதலில் பேட்ச், சில நாள் கழித்து டொமைன்.

கேள்வி: எங்களிடம் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர் என்ற பேக்கப் சாஃப்ட்வேரின் 3-ம் பதிப்பு இரண்டு இடங்களில். ஒன்று மற்றதோடு சிங்க் செய்கிறது. 4-க்குப் போகலாமா? — யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: போகலாம். 2025 ஆகஸ்டில் வந்த 4, டெபியன் 13-ன் மேல் நிற்கிறது, அதனால் இது சாதாரண பேட்ச் இல்லை, அடியில் இருக்கும் இயங்குதளமே மாறுகிறது. 3-லேயே கடைசி அப்டேட் வரை வந்துவிட்டு, பிபிஎஸ்3டூ4 என்ற சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள், அது மஞ்சளில் சொல்வதையும் படியுங்கள். அப்கிரேட் நடக்கும்போது டேட்டாஸ்டோரைப் படிக்க மட்டும் என்ற பராமரிப்பு நிலைக்கு மாற்றிவிடலாம், வெளியிலிருந்து வரும் சிங்க் எதுவும் எழுத முடியாது. சிங்க் ஜாப்பில் "ரிமூவ் வானிஷ்டு" தேர்வு ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், ஆன் என்றால் மூலத்தில் அழிந்தது அங்கேயும் அழியும். முதலில் காப்பிப் பக்கம், ஒரு வெரிஃபை ஜாப் முழுதாக ஓடி முடிந்தபின் மூலப் பக்கம். 3.3-லிருந்து தள்ளிவிடும் சிங்க்கும் வந்திருக்கிறது, ஃபயர்வால் காரணமாக வேறு வழியே இல்லை என்றால் பயன்படுத்துங்கள், மற்றபடி இழுக்கும் சிங்க்கே மேல்.

கேள்வி: மூன்று இடத்தில் காப்பி இருக்கிறது. ஒன்று போனாலும் இரண்டு இருக்கும்தானே? இவ்வளவு பயம் தேவையா? — பெங்களூரு வாசகர்

பதில்: டென்மார்க்கில் கிளவுட்நார்டிக் என்று ஒரு ஹோஸ்டிங் நிறுவனம். 2023 ஆகஸ்டில் ரான்சம்வேர் தாக்கி அவர்களுடைய சர்வர்கள், முதல் பேக்கப், இரண்டாம் பேக்கப் எல்லாம் பூட்டப்பட்டன, பெரும்பாலான வாடிக்கையாளர்கள் எல்லா டேட்டாவையும் இழந்தார்கள். அவர்களே சொன்ன காரணம்: சர்வர்களை ஒரு டேட்டா சென்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள், முன்பே தொற்று இருந்த சில சர்வர்களை அந்த மாற்றத்தின்போது எல்லா சர்வரையும் நிர்வகிக்கும் உள் நெட்வொர்க்கில் இணைத்துவிட்டார்கள். அங்கிருந்து நிர்வாக அமைப்புக்கும் பேக்கப்புக்கும் பாதை கிடைத்துவிட்டது. எண்ணிக்கையில் காப்பிகள் இருந்தன, எல்லாவற்றுக்கும் போகிற பாதை ஒன்றாக இருந்தது.

அப்கிரேட், இடமாற்றம் போன்ற நாட்களில்தான் "இன்றைக்கு மட்டும்" என்று ஃபயர்வால் விதிகளைத் தளர்த்துவோம், "இப்போதைக்கு" என்று அட்மின் பாஸ்வேர்டைப் பகிர்வோம். வேலை முடிந்ததும் அவற்றைத் திரும்ப மூடுவதற்கு ஒரு ஆளையும் ஒரு நேரத்தையும் முன்கூட்டியே குறித்து வையுங்கள். மூன்று காப்பிகளில் ஒன்றாவது, மற்ற இரண்டின் அட்மின் நினைத்தாலும் குறித்த நாள் வரை அழிக்க முடியாததாக இருக்கட்டும். வீமில் ஹார்டன்ட் ரெபாசிட்டரி அதற்குத்தான் இருக்கிறது, அதை நிறுவும்போது கொடுக்கும் பாஸ்வேர்டு ஒருமுறை மட்டும், பேக்கப் சர்வரில் சேமிக்கப்படாது.

கேள்வி: புதிய ஓட்டை வந்தது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறையும் செய்தித்தாளில் வந்தபின்தான் தெரிகிறது. — பாண்டிச்சேரி வாசகர்

பதில்: நீங்கள் பயன்படுத்தும் சாஃப்ட்வேரின் பாதுகாப்பு அறிவிப்பு மெயிலுக்குப் பதிவு செய்யுங்கள், வீம், டெபியன், ப்ராக்ஸ்மாக்ஸ் எல்லாருக்கும் இருக்கிறது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அறிவிப்புகளையும் பாருங்கள். அமெரிக்காவின் சிசா அமைப்பு, உண்மையிலேயே தாக்குதலில் பயன்படுகிற ஓட்டைகளுக்கு மட்டும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மேலே சொன்ன 2023, 2024 வீம் ஓட்டைகள் இரண்டும் அதில் ஏறின. அந்தப் பட்டியலில் உங்கள் சாஃப்ட்வேர் பெயர் வந்துவிட்டால் மாதாந்திர பராமரிப்பு நாள் வரட்டும் என்று உட்கார வேண்டாம், அந்த வாரமே வேலையை ஆரம்பியுங்கள். பதிவு செய்யும்போது ஒரு தனி மனிதரின் மெயிலைக் கொடுக்காமல் குழு முழுக்கப் படிக்கும் முகவரியைக் கொடுங்கள். பல இடங்களில் இந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கின்றன, இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவரின் இன்பாக்ஸுக்கு.